அளித்ததும் கேட்டதும்

தானங்களுள் வித்தியா தானமே உயர்ந்தது என்று நம் முன்னோர் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆயினும் அந்தத் தானத்தை ஏற்பவன் வெறுங்கையோடு மட்டுந்தான் வந்து நிற்கிறானா, கொடுப்பவனுக்குச் சொல்லத்தக்க ஏதேனும் ஒன்று அவனிடத்தும் உண்டா என்னும் விசாரணையை நாம் அவ்வளவு சிரத்தையோடு நடத்தியதாகத் தெரியவில்லை. சர்வகலாசாலை என்னும் ஸ்தாபனம் தன் மதிலுக்கு வெளியே வாழும் ஜனங்களிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது இன்று ஒரு நிர்வாகக் கேள்வியாகவே பேசப்படுகிறது. ஜெர்மனியில் இதற்கு ‘மூன்றாம் பணி’ என்றே பெயரிட்டு, கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் அடுத்த ஸ்தானத்தில் வைத்து, நகராட்சி, ஆலை, ஆஸ்பத்திரி, தொண்டு ஸ்தாபனம் என்று கூட்டாளிகளின் ஜாபிதாவை அறிக்கைகளில் அச்சிடுகிறார்கள். ஜாபிதாக்கள் நீளமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் அடியில் கிடப்பது நிர்வாகம் அன்று, சமயம். அயலானை நேசி என்ற கட்டளைக்குப் பணிந்து ஒருவன் அயலானிடம் போகும்போது, அவன் உண்மையில் தேடிப் போவது அயலானையா, தன் புண்ணியத்தையா என்ற பழைய சங்கடம் அது.

அந்தச் சங்கடத்தை அதன் முழு உருவத்தில் காண வேண்டுமானால், கிழக்கு ஜெர்மனியில் ஸாலே நதிக்கரையில், உப்பு ஊற்றுகளால் செழித்த ஹாலே நகரத்துக்கு, அதன் சர்வகலாசாலை தொடங்கிய காலத்துக்குப் போக வேண்டும். நம்மவர் போவதற்கு வேறொரு நியாயமும் உண்டு: தமிழ் ஏட்டுச்சுவடிகள் இன்றும் அந்த ஊரில் இருக்கின்றன.

அக்காலத்து ஜெர்மன் சர்வகலாசாலை, தான் இருந்த ஊருக்குள்ளேயே தனி ராஜ்யம் போன்றது. தன் மாணாக்கரைத் தானே விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. ஊர் நீதிபதி அவர்களைத் தொட முடியாது. ஹைடல்பர்கில் மாணாக்கரை அடைக்கச் சர்வகலாசாலை வைத்திருந்த சிறை 1914 வரையில் வழக்கத்தில் இருந்தது. இரவில் கூச்சலிட்டவர்களும் காவலாளியோடு மல்லுக்கு நின்றவர்களும் அங்கே அடைபட்டுப் பொழுதுபோகச் சுவர் முழுவதும் கரிக்கோட்டுச் சித்திரங்கள் வரைந்ததை இன்றும் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். கொலோன் நகரத்தைப்போல ஊர்ச்சபையே முன்னின்று 1388-இல் சர்வகலாசாலை நிறுவிய இடங்களும் இருந்தன என்றாலும், பொதுவாகக் கற்றோர் கூட்டத்துக்கும் ஊராருக்கும் இடையே இருந்த உறவு, கடன் கொடுத்த மளிகைக்காரனுக்கும் குடியிருந்த மாணாக்கனுக்கும் இடையே இருந்த உறவுக்கு மேற்பட்டதன்று.

ஹாலே சர்வகலாசாலை 1694-இல் பிராண்டன்பர்க் அதிபதி மூன்றாம் பிரெடரிக்கின் ஆதரவில் முறைப்படி தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, லைப்ஸிக்கிலும் எர்ஃபுர்ட்டிலும் புதிய பக்தி இயக்கத்தைப் பரப்பியதற்காக வெளியேற நேர்ந்த அவுகுஸ்ட் ஹெர்மான் பிராங்கே, ஷ்பேனர் என்ற பெரியாரின் சிபாரிசால் அங்கே வந்து சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தவை இரண்டு உத்தியோகங்கள்: கலாசாலையில் கிரேக்கத்துக்கும் கீழை மொழிகளுக்கும் பேராசிரியர் பதவி, நகர மதிலுக்கு வெளியே கிளௌகா என்ற சிற்றூரில் புனித ஜார்ஜ் ஆலயத்தின் குருத்துவம். 1682-இல் வந்த கொள்ளைநோய் அவ்வூர் ஜனத்தொகையில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போயிருந்தது; சுமார் 200 வீடுகளில் 37 மதுக்கடைகள் என்று அக்காலத்துக் கணக்கு சொல்கிறது. காலையில் எபிரேய இலக்கணமும் மாலையில் குடிகாரன் வீட்டுத் துக்கமுமாக ஒரே மனிதர் இரண்டு உலகங்களுக்கும் நடந்து திரும்பிய இந்த ஏற்பாட்டை எந்த நிர்வாகியும் யோசித்து அமைக்கவில்லை. பேராசிரியருக்கு வயிறு நிறைய ஒரு பங்கு வேண்டியிருந்தது, பங்குக்கு ஒரு குரு வேண்டியிருந்தார், அவ்வளவுதான். உயர்ந்த ஸ்தாபனங்கள் பலவற்றின் உற்பத்தி இவ்வாறே இருந்திருக்கிறது.

வியாழக்கிழமைதோறும் ஏழைகள் குருவின் வீட்டு வாசலில் பிச்சைக்கு வந்தார்கள். ரொட்டியைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த பிராங்கே ஒருநாள் அவர்களை உள்ளே அழைத்து, பெரியவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, சிறுவர்களிடம் ஞானோபதேச வினாக்களைத் தொடுத்தார். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. 1695-ஆம் ஆண்டு ஈஸ்டரை ஒட்டி, வீட்டில் மாட்டியிருந்த உண்டியலில் யாரோ ஒருவர் 4 தாலரும் 16 குரோஷனும் மொத்தமாகப் போட்டுவிட்டுப் போனபோது, இது நல்ல மூலதனம், இதைக்கொண்டு உருப்படியான காரியம் ஒன்று செய்ய வேண்டும் என்று எண்ணி, அன்றைக்கே இரண்டு தாலருக்குப் புத்தகம் வாங்கி, ஏழை மாணாக்கன் ஒருவனை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பாடம் சொல்ல அமர்த்தினார். வாங்கியவை 27 புத்தகங்கள். பிள்ளைகள் ஆவலோடு பெற்றுக்கொண்டு வீடு போனார்கள். திரும்பி வந்தவை 4. மற்றப் பிள்ளைகள் புத்தகத்தோடு மறைந்தே போனார்கள். இதை மறைக்காமல் அவரே எழுதி வைத்திருப்பதில் எனக்கு அவரிடம் தனிப்பட்ட மரியாதை உண்டு; பரோபகாரம் செய்வோர் எழுதும் சரித்திரங்களில் இத்தகைய வரவு செலவு அபூர்வம். அவர் சலித்துக்கொள்ளவில்லை, மேலும் புத்தகம் வாங்கினார், இம்முறை பாடம் முடிந்ததும் அவற்றைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்தார்.

பின்னர் ஒரு கனவான் 500 தாலர் கொடுத்தார். அதன் வட்டி ஆண்டுக்கு 25 தாலர், ஓர் அநாதைக் குழந்தையின் போஷணைக்குச் சரியாக இருக்கும் என்று கணக்கிட்டு, தாய் தகப்பன் இல்லாத குழந்தை ஒன்று வேண்டும் என்று விசாரித்தபோது, உடன்பிறந்தோர் நால்வராக வந்து நின்றார்கள். நால்வரையும் ஏற்றுக்கொண்டார். 1698-இல் அநாதைகள் விடுதிக்கு அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. மருந்துச்சாலை, புத்தகசாலை, அச்சுக்கூடம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, மருந்து விற்ற பணம் பள்ளிக்கு வந்தது. 1710-இல் கான்ஷ்டைன் பிரபுவின் முயற்சியால், கோத்த எழுத்தைக் கலைக்காமல் வைத்துத் திரும்பத் திரும்ப அடித்து வேதபுத்தகத்தை மலிவாக விற்கும் சாலையும் அங்கே ஏற்பட்டது. 1727-இல் பிராங்கே மறைந்தபோது அவருடைய பள்ளிகளில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் கவர்வது ஒரு சாப்பாட்டு மேசைதான். சர்வகலாசாலையில் வேதசாஸ்திரம் படிக்க வந்த ஏழை மாணாக்கருக்கு வாராவாரம் காசு கொடுத்துவந்த பிராங்கே, 1696-இல் அதை மாற்றி, 24 பேருக்கு இலவசப் போஜனம் ஏற்படுத்தினார். உண்டவன் தினமும் சில மணி நேரம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரே ரொட்டி மூன்று பசிகளை ஆற்றியது: மாணாக்கன் பசி, பிள்ளையின் கல்விப் பசி, பள்ளிக்கு உபாத்தியாயர் கிடைக்காத பசி. பாடம் சொல்லச் சொல்ல, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களுக்குக் கற்பிக்க நேர்ந்தது. ஜெர்மனியில் ஆசிரியர்ப் பயிற்சி என்ற துறைக்கு அது தொடக்கங்களுள் ஒன்றாயிற்று. சர்வகலாசாலை ஊருக்குச் செய்ததும் ஊர் சர்வகலாசாலைக்குச் செய்ததும் அந்த மேசையில் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன. கூட்டாளி என்ற சொல் தகுந்த இடம் அது.

ஆனால் அதே மனிதரின் சமயம் அந்த மேசையின் எல்லையைத் தாண்ட அவரை விடவில்லை. விசுவாசம் ஒன்றே மனிதனை ரக்ஷிக்கும் என்பது லூத்தரின் சித்தாந்தம். விசுவாசம் உயிருள்ளது என்பதற்கு வாழ்க்கையில் கனி தென்பட வேண்டும் என்பது ஷ்பேனர், பிராங்கே ஆகியோர் அதற்குக் கொடுத்த அழுத்தம். இந்த அழுத்தத்தில் ஒரு பெரிய வலிமையும் ஒரு நுண்ணிய அபாயமும் உண்டு. வலிமை, உண்டியலில் விழுந்த காசை அன்றைக்கே புத்தகமாக்கும் வேகம். அபாயம், கனியைக் காட்டுவதற்கு ஓர் அயலான் தேவைப்படுகிறான் என்பது. அயலான் என் விசுவாசத்துக்குச் சாக்ஷியாகிவிட்டால், அவன் தன் காரணங்களோடு வாழும் ஒரு மனிதன் என்பது மெல்ல மறக்கிறது. மனிதனை ஒருபோதும் வெறும் சாதனமாக மட்டும் கொள்ளலாகாது என்று 1785-இல் எழுதிய கான்ட், கோனிக்ஸ்பர்கில் பக்தி இயக்கத்தாரின் பள்ளியிலேயே படித்து வளர்ந்தவர். அந்தப் பள்ளியின் கெடுபிடியைப் பிற்காலத்தில் அவர் அன்போடு நினைக்கவில்லை.

கிளௌகாவின் குடிகளும் எல்லாவற்றையும் அன்போடு ஏற்கவில்லை. திருந்தாதவருக்குத் திருவிருந்து இல்லை என்று குரு நிறுத்தி வைத்தபோது முணுமுணுப்பு எழுந்தது. மதுக்கடைக்காரருக்குப் பிழைப்புப் போயிற்று. ஹாலே நகரத்துக் குருமார் வழக்காடினார்கள். 1700-இல் அரசாங்கம் விசாரணைக் குழு வைக்கும்வரை சச்சரவு முற்றியது. விடுதிக் குழந்தைகள் விடியற்காலையில் எழுந்து, ஜபம், பாடம், கைவேலை என்று மணியடித்தபடி நாளைக் கழித்தார்கள். விளையாட்டு வீண் என்றும், பிள்ளையின் சுயேச்சையை ஒடிப்பதே வளர்ப்பின் முதற்படி என்றும் பிராங்கே உறுதியாக நம்பினார். வயிற்றுக்கு இட்டவர் என்ற உரிமையில் மனத்தையும் தாமே வகுத்துக் கொடுக்க முற்படுவது கொடையாளிகளுக்கு எளிதில் வரும் பழக்கம். ஊரார் எதற்காகக் குடித்தார்கள், கொள்ளைநோய்க்குப் பின் அவர்களுடைய தொழில் என்னவாயிற்று, பள்ளியில் தங்கள் பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள் என்ற விசாரணைக்கு அந்த நாளின் கால அட்டவணையில் இடம் இல்லை. வினா விடை இருந்தது. வினாவும் விடையும் இரண்டும் குருவினுடையவை.

இனி நம் கரைக்கு வருவோம். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் தரங்கம்பாடிக்கு அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலையில் வந்து இறங்கினார்கள்; இருவரும் ஹாலேயில் பயின்றவர்கள். சீகன்பால்கு செய்த முதற் காரியங்களுள் ஒன்று, திண்ணைப்பள்ளி உபாத்தியாயர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து, விரலால் மணலில் அகரம் எழுதிப் பழகியது. கிளௌகாவில் பேராசிரியர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். தரங்கம்பாடியில் அவருடைய மாணாக்கர் பிள்ளைகளுக்குச் சக மாணாக்கரானார். இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புகளோடு ஓர் அட்டவணை எழுதிவிட்டார். 1712 முதல் 1714 வரையில் சீகன்பால்கும் அவருடைய துணைவர் கிரூண்ட்லரும் தமிழர் பலருக்குக் கடிதம் மூலம் வினாக்கள் விடுத்து விடைகளைப் பெற்றார்கள்: உங்கள் தெய்வங்கள் யாவை, பாவம் என்று எதைக் கருதுகிறீர்கள், கிறிஸ்தவ மார்க்கத்தை நீங்கள் ஏன் ஏற்பதில்லை.

விடைகள் வந்தன, மரியாதையாகவும் தயக்கமின்றியும் வந்தன. கடற்கரையில் இருந்த ஐரோப்பியர் குடிப்பதையும் பசுவைக் கொன்று தின்பதையும் நடந்துகொள்ளும் விதத்தையும் கண்டு, இவர்களுடைய வேதம் நல்லதாயிருந்தால் இவர்கள் இப்படி இருப்பார்களா என்று கேட்டவர் உண்டு. ஒவ்வொரு ஜனத்துக்கும் அதனதன் மார்க்கத்திலேயே மோக்ஷம் உண்டு என்று சாந்தமாக எழுதியவரும் உண்டு. 55 கடிதங்கள் 1714-இலும் 44 கடிதங்கள் 1717-இலும் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் அச்சாயின. மிஷனரிமாரின் குறிப்புகள் கூடச் சேர்க்கப்பட்டன, அதிலே வியப்பில்லை. வியப்பு, அவை அச்சானதுதான். கொடுக்கப் போனவர்கள் கேட்டார்கள். கேட்டதைத் தங்கள் ஊராருக்கும் கேட்கச் செய்தார்கள்.

செவி அவ்வளவு தூரம் திறந்ததே அன்றி, மேலும் திறக்கவில்லை. சீகன்பால்கு 1713-இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வம்சாவளியை விரிவாக எழுதி அனுப்பினார். நம் கிராம தேவதைகள்வரை வரிசையாக விவரிக்கும் அந்தப் பெருநூலை அச்சிட பிராங்கே இணங்கவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்பது அவருடைய கருத்து. ஏடு பெட்டிக்குள் போயிற்று. 1867-இல், அதுவும் சென்னையில், கெர்மான் என்பவர் பதிப்பித்தபிறகே அது வெளிச்சம் கண்டது.

பிராங்கே அதை அச்சிட மறுத்துச் சில வருஷங்களுக்குப் பின் ஹாலேயில் நடந்த இன்னொரு சம்பவம் இந்த மனப்பான்மையைத் துலக்கமாகக் காட்டுகிறது. தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃப் 1721 ஜூலையில், துணைவேந்தர் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்புவிக்கும் சபையில், சீனரின் தர்ம சாஸ்திரத்தைப் பற்றிப் பிரசங்கித்தார்: கன்பூஷியஸ் வேதவெளிப்பாட்டின் துணையின்றியே, புத்தியைக்கொண்டே ஒழுக்கத்தின் உண்மைகளை எட்டினார் என்றார். இப்போது நமக்கு இது சாதாரண வார்த்தை. பிராங்கேயும் வேதசாஸ்திரப் பேராசிரியர் யோவாகிம் லாங்கேயும் கொதித்தெழுந்தார்கள். அரசர் முதலாம் பிரெடரிக் வில்லியத்தின் காதுக்குச் செய்தி போயிற்று. 1723 நவம்பரில், 48 மணி நேரத்துக்குள் ராஜ்யத்தை விட்டு அகலாவிட்டால் தூக்கு என்று உத்தரவு வந்தது. வோல்ஃப் மார்பர்கில் அடைக்கலம் புகுந்து, புதிய அரசர் பட்டத்துக்கு வந்த 1740-இல்தான் ஹாலேக்குத் திரும்பினார். பசித்தவனுக்கு வாசலைத் திறந்துவைத்த பக்தியே, தூரத்து அந்நியனிடம் நமக்குக் கற்கத்தக்கது உண்டு என்று சொன்னவனுக்கு வாசலை அடைத்தது. இரண்டும் ஒரே நெஞ்சிலிருந்து வந்தவை என்பதை ஒப்புக்கொள்ளாமல் பிராங்கேயைப் புகழ்வதும் இகழ்வதும் எளிது. இரண்டிலும் எனக்கு விருப்பமில்லை. அயலானின் தேவையைக் காணும் கண் வேறு, அயலானின் அறிவைக் காணும் கண் வேறு. முதலாவது அவருக்கு ஈடிணையின்றி வாய்த்திருந்தது.

வள்ளுவர் ஈகையை அறத்துப்பாலில் இல்லறத்தானின் கடமைகளோடு வைத்தார். கேள்வியைப் பொருட்பாலில், ஆள்பவனுக்கு வேண்டிய குணங்களோடு, கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் நடுவே வைத்தார். வைப்புமுறையில் இவ்வளவு அர்த்தம் தேடலாமா என்று பண்டிதர்கள் ஆக்ஷேபிக்கலாம். ஆயினும் எனக்குத் தோன்றுவது இது: கொடுக்கக் கருணை போதும், அதிகாரமுள்ளவன் செவிகொடுப்பதற்கோ கருணை போதாது, தன் அறிவு குறைபட்டது என்ற உணர்வு அவனுக்கு வேண்டும். சர்வகலாசாலைக்கு இது மிகக் கடினம். அறிந்தவர் என்று பட்டம் கொடுப்பதையே தொழிலாகக்கொண்ட ஸ்தாபனம், பட்டம் பெறாதவனிடம் போய் எனக்குத் தெரியாததைச் சொல் என்று நிற்பது, பணமுள்ளவன் பணம் கொடுப்பதைக் காட்டிலும் பெரிய தியாகம். அதனால்தான் கூட்டாளிகள் என்ற தலைப்பின் கீழே, கலாசாலை ஊருக்குச் செய்த உபகாரங்களையே பெரும்பாலும் காண்கிறோம். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. நெதர்லாந்தில் 1970-களில் தோன்றிய ஒரு யோசனையைப் பின்பற்றி, 1984-இல் போன் நகரத்தில் ‘அறிவியல் கடை’ ஒன்று திறக்கப்பட்டது. கடை என்றாலும் அதில் முதலில் சரக்கு வைத்திருப்பவர் வாடிக்கைக்காரர்தாம்: ஊரார் தங்கள் கேள்விகளைக் கொண்டுவருவார்கள், ஆய்வாளர் அவற்றை எடுத்துக்கொள்வார்கள். எதைக் கேட்பது என்று தீர்மானிக்கும் உரிமை கைமாறுகிறது. சிறிய கடைதான், அது திருப்பிவைத்த ஒழுங்கு சிறியதன்று.

தூரமும் அண்மையும் பற்றி ஒரு வார்த்தை. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த தமிழரிடம் ஹாலே கேட்டது. வாசலில் நின்ற கிளௌகாவிடம் கேட்கவில்லை. அந்நியன் நம்மைப்போன்றவன் அல்லன் என்பது வெளிப்படையாதலால் அவனிடம் கேட்கத் தோன்றுகிறது; பக்கத்துவீட்டு ஏழையோ நமக்குத் தெரிந்தவன் என்று நினைத்துவிடுகிறோம், தெரிந்தவனிடம் என்ன கேள்வி? நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களிலும், மேனாட்டுக் கலாசாலையோடு ஒப்பந்தம் எழுதுவதில் இருக்கும் உற்சாகம், மதிலைத் தொட்டடுத்த குப்பத்தில் தண்ணீர் எந்த வேளையில் வருகிறது என்று அறிவதில் இருப்பதில்லை.

ஹாலேயில் பிராங்கே எழுப்பிய வளாகத்தின் பிற்காலச் சரித்திரம் சுருக்கமானது. 1946-இல் சோவியத் ஆட்சிப் பகுதியில் பிராங்கே ஸ்தாபனங்கள் தம் சுதந்திரத்தை இழந்து சர்வகலாசாலையின் உடைமையாயின. பின்னர் விடுதியின் முகப்புக்கு எதிரே உயர்சாலை ஒன்றைக் கட்டினார்கள், கூரைகள் ஒழுகின. ஜெர்மனி ஒன்றானபின் ஸ்தாபனம் மறுபடி தனித்து நின்றது. கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் செப்பனிடப்பட்டன. இன்று அந்த வளாகத்தில் குழந்தைகள் காப்பகமும் பள்ளிகளும் இருக்கின்றன. சர்வகலாசாலையின் வேதசாஸ்திரப் பகுதியும் கல்வியியற் பகுதியும் இருக்கின்றன. மாடியில் 18-ஆம் நூற்றாண்டு அலமாரிகளோடு பழைய அதிசயப் பொருட்கூடமும், காப்பகத்தில் தரங்கம்பாடிக் கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன.

2003-இல் அந்த ஸ்தாபனத்தின் பதிப்பகமே, பிராங்கே அச்சிட மறுத்த தெய்வ வம்சாவளியை, 1713-ஆம் ஆண்டு மூலத்தின்படி வெளியிட்டது; பதிப்பாசிரியர் டேனியல் ஜெயராஜ், தமிழர். தூரத்து அயலானின் முறையீடு 290 ஆண்டுகளில் தீர்ந்தது. பக்கத்து அயலானுக்கு இன்னும் சற்று அதிகம் பிடித்தது. நகரத்தோடு சேர்ந்துபோன கிளௌகா, 2000-க்குப் பிறகும் காலியான வீடுகளும் இடிந்த சுவர்களுமாகக் கிடந்தது. 2010-இல் நிறைவேறிய மாநில நகரச் சீரமைப்புத் திட்டத்தில்தான், வீட்டுச் சொந்தக்காரர்களைத் தனித்தனியே சந்தித்து, உங்கள் வீட்டை என்ன செய்ய நினைக்கிறீர்கள், எது தடையாக இருக்கிறது என்று விசாரிப்பதற்கென்றே ஓர் இடையாளர் அமர்த்தப்பட்டார். அவரை அனுப்பியது நகரத்தின் நிர்வாகம். அவர் ஏறி இறங்கிய படிகள், வேதசாஸ்திர வகுப்புகள் நடக்கும் அந்த வளாகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தன.